வளரும் ஆட்டுக்குட்டியும் ஓமோன் மருந்தும்

ஒரே மந்தையில் ஒரே நாளிற் பிறந்த இரண்டு செம்மறிக் குட்டிகள், ஒரே புல்லை மேய்ந்து, ஒரே பட்டியில் உறங்கி வளர்ந்த போதிலும், நான்கு மாதங்கள் கழிந்தபின் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. ஒன்று நெடிய காலும் இறுகிய தசையும் உடையதாய் நிற்கும். மற்றொன்று குறுகிப் பருத்துக் கொழுப்பேறிக் காணப்படும். ஆடு வளர்ப்போரிடம் இதன் காரணத்தை வினவினால், “அது இனத்தின் குணம்” என்று சுருக்கமாக விடையிறுப்பர். அவ்விடை தவறன்று. ஆயினும், இனத்தின் குணம் என்பது உடலினுள் எவ்வழியாகத் தொழிற்படுகின்றது என்ற வினா அதனால் தீர்ந்துவிடுவதில்லை. எலும்பு எப்பொழுது நீள வேண்டும், தசை எவ்வளவு திரள வேண்டும், கொழுப்பு எந்நாளிற் சேரத் தொடங்க வேண்டும் என்பவற்றை உடலின் எல்லாப் பகுதிகளுக்கும் அறிவிப்பது எது? இவ்வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் கண்ட விடைகளுள் முதன்மையானது ஓமோன்கள் என்பதாகும்.

ஓமோன் என்னும் பெயரை 1905ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் இலண்டன் நகரில் ஆராய்ச்சி செய்த ஏர்னெஸ்ட் ஸ்டார்லிங் என்னும் உடற்றொழிலியல் அறிஞர். சில சுரப்பிகள் தாம் சுரக்கும் பொருளைக் குழாய் வழியே வெளியேற்றாது நேரே குருதியிற் கலந்துவிடுகின்றன. அப்பொருள் குருதியோடு உடல் முழுவதுஞ் சென்று, தொலைவிலுள்ள உறுப்புக்களைத் தொழிற்படத் தூண்டுகின்றது. இதனை அரசனுடைய ஓலைக்கு ஒப்பிடலாம். ஓலை எல்லா ஊர்களுக்குஞ் செல்கின்றது. ஆனால் அதன் மொழியைப் படிக்கத் தெரிந்தவன் இருக்கும் ஊரிலேயே கட்டளை நிறைவேறும். அவ்வாறே ஓமோனும் எல்லாக் கலங்களையும் அடைகின்றது. அதனைப் பற்றிக்கொள்ளும் ‘வாங்கி’ எனப்படும் புரதத்தை உடைய கலங்களே அதற்கு இணங்குகின்றன. இந்த ஒப்புமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. பின்னர்க் கூறப்படும் செய்திகளுள் பல இதிலேயே அடங்கியுள்ளன.

ஆட்டுக்குட்டியின் வளர்ச்சியை நடத்தும் ஓமோன்கள் பல. மூளையின் அடியில் அமைந்துள்ள கபச்சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஓமோன் சுரக்கின்றது. அது இடையறாது ஒழுகும் நீரோடை போன்றதன்று. விட்டு விட்டுத் துடிப்புத் துடிப்பாக வெளிப்படுவது. அது ஈரலை அடைந்ததும், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி என்னும் இன்னொரு பொருளை ஈரல் உண்டாக்குகின்றது. எலும்பு நீள்வதற்கும் தசை திரள்வதற்கும் இப்பொருள் பெரிதும் உதவுகின்றது. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோனும், சதையியிலிருந்து வரும் இன்சுலினும், இலிங்கச் சுரப்பிகளின் ஓமோன்களும் இவற்றோடு கூடித் தொழில் செய்கின்றன.

இங்கு வியப்பைத் தரும் செய்தி ஒன்றுண்டு. போதிய தீனி பெறாத குட்டியின் குருதியைச் சோதித்தால் வளர்ச்சி ஓமோன் குறைந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அது மிகுந்திருக்கும். குறைந்திருப்பது ஈரல் உண்டாக்க வேண்டிய வளர்ச்சிக் காரணியே. பசித்த உடலில் ஈரல் வளர்ச்சி ஓமோனின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. கட்டளை எத்துணை உரத்து ஒலிப்பினும், வீடு கட்டக் கல்லும் மண்ணும் இல்லாத ஊரில் வீடு எழும்புவதில்லை அன்றோ? ஆதலின், தீனிக் குறைவை எந்த ஓமோன் மருந்தும் ஈடுசெய்யாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகின்றது.

வளர்ச்சியில் ஆண், பெண் வேறுபாடும் உண்டு. கடாக் குட்டி மறிக்குட்டியிலும் விரைந்து வளரும். விதையடித்த குட்டி அவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய் நிற்கும். கடாவின் விதைகளில் உண்டாகும் தெஸ்தொஸ்தெரோன் என்னும் ஓமோன் தசையைத் திரட்டுவதே இதற்குக் காரணம். விதையடித்த குட்டி அந்த ஓமோனை இழந்துவிடுகின்றது. அசைபோடும் விலங்குகளில் ஈஸ்திரோஜன் எனப்படும் பெண்பால் ஓமோனும் வளர்ச்சியைத் தூண்டும் ஆற்றல் உடையது. கபச்சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஓமோனை அது மிகுவிக்கின்றது. அதன் பயனாக உடல் தான் உண்ட தீனியிலிருந்து கூடுதலான புரதத்தைத் தசையாகச் சேர்த்துக்கொள்கின்றது.

இனி, இன வேறுபாட்டை நோக்குவோம். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோன் ஹமண்ட் 1932ஆம் ஆண்டில் செம்மறியின் வளர்ச்சியையும் இறைச்சித் தன்மையையும் பற்றி வெளியிட்ட நூல் இத்துறையில் ஓர் அடிப்படையாகக் கருதப்படுகின்றது. உடலின் பகுதிகள் எல்லாம் ஒருசேர வளர்வதில்லை. முதலில் எலும்பும், அடுத்துத் தசையும், இறுதியிற் கொழுப்பும் விரைந்து வளர்கின்றன என்னும் முறையை அவர் எடுத்துக்காட்டினார். இம்முறை எல்லா இனங்களுக்கும் பொது. ஆனால் ஒவ்வோர் இனமும் அப்படிகளை ஏறும் வேகம் வேறு. இங்கிலாந்தின் தென்பகுதிக் குன்றுகளில் தோன்றிய சவுத்டவுன் என்னும் சிற்றினம் விரைவில் முதிர்ந்து விரைவிற் கொழுப்பேறும். கரிய முகத்தையுடைய சஃபோக் என்னும் பேரினத்தின் கடா முதிர்ச்சியில் 100 கிலோகிராமுக்கு மேல் நிறைகொள்வது. அது தாமதித்தே கொழுப்பேறும். ஆகவே நான்கு மாத வயதில் இவ்விரு குட்டிகளையும் ஒப்பிடுவது, ஒரே வயதினராயினும் ஒருவர் வளர்ந்து முடித்தவராகவும் மற்றவர் வளர்ந்துகொண்டிருப்பவராகவும் உள்ள இருவரை ஒப்பிடுவதை ஒக்கும்.

எடின்பரோவில் விலங்கினப் பெருக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. சோயே, சவுத்டவுன், பின்லாந்து, ஒக்ஸ்போர்ட் டவுன் ஆகிய நான்கு இனங்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். வயதை ஒத்ததாக வைத்து ஒப்பிடாமல், ஒவ்வோர் இனமும் தன் முதிர்ந்த நிறையின் அதே பங்கை எட்டிய நிலையில் ஒப்பிட்டனர். அவ்வாறு ஒப்பிட்டபோது தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள விகிதத்தில் இனங்களுக்கிடையே காணப்பட்ட வேறுபாடுகள் பெரிதும் சுருங்கின. ஆயினும் முற்றாக மறையவில்லை. இனம் என்பதன் பெரும்பகுதி முதிர்ச்சியின் வேகமே என்பதும், எஞ்சிய சிறுபகுதி அவ்வினத்துக்கே உரியது என்பதும் இதனாற் பெறப்படும்.

இலிங்க ஓமோன்களிலும் இனத்தின் முத்திரை உண்டு. பின்லாந்து நாட்டுச் செம்மறி ஒரே ஈற்றில் மூன்று, நான்கு குட்டிகளை ஈனும் இயல்பினது. மெரினோ ஆடு பெரும்பாலும் ஒரு குட்டியை ஈனும். பல குட்டி ஈனும் தன்மை பெண்ணாட்டிற்கே உரியது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் எடின்பரோ ஆராய்ச்சியாளராகிய ரொஜர் லாண்ட், அத்தன்மை மிகுந்த இனங்களில் இளங் கடாக் குட்டிகளின் விதைகளும் விரைந்து வளர்கின்றன என்று 1973ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆணின் விதையையும் பெண்ணின் சூலகத்தையும் தூண்டுவன கபச்சுரப்பியின் அதே ஓமோன்களே. ஆதலால் தாயில் குட்டிகளின் தொகையாக வெளிப்படும் இனப்பண்பு, மகனில் விதையின் வளர்ச்சியாக வெளிப்படுகின்றது.

குருதியிலுள்ள ஓமோனின் அளவு மிக மிக நுண்ணியது. ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கையே அளவுகோலாகக் கொள்ள வேண்டியிருக்கும். இத்தகைய நுண்ணளவைக் கதிரியக்கப் பொருளின் துணையால் அளக்கும் முறையை 1950களின் இறுதியில் வகுத்தவர்கள் அமெரிக்க அறிஞர்களாகிய ரொசலின் யாலோவும் சொலமன் பெர்சனும் ஆவர். கபச்சுரப்பியை மூளை எவ்வாறு ஆள்கின்றது என்பதை ஆராய்ந்த ரொஜர் கில்மின் என்பவர், இறைச்சிச் சாலைகளிலிருந்து இலட்சக்கணக்கான செம்மறிகளின் மூளைத் துண்டுகளைத் திரட்டி, அவற்றிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார். யாலோ, கில்மின், பன்றிகளின் மூளையைக் கொண்டு அவ்வாராய்ச்சியைச் செய்த அன்ட்ரூ ஷாலி ஆகிய மூவருக்கும் 1977ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மருந்து ஒன்றைக் குட்டிக்கு ஊசி மூலம் ஏற்றிச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குருதி எடுத்து, எந்த ஓமோன் எவ்வளவு ஏறுகின்றது, எத்துணை நேரம் நிற்கின்றது என்று இனம் இனமாக ஒப்பிடும் ஆராய்ச்சிகள் இதன்பின்னரே எளிதாயின.

ஆனால், அளக்கும் முறை வருமுன்னரே ஓமோன் மருந்தைக் கொடுக்கும் முறை வந்துவிட்டது. அதற்கும் முன்னதாக, இயற்கை தானே அச்சோதனையைச் செய்து காட்டியது. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் செம்மறி வளர்ப்போர் விளங்காத துன்பம் ஒன்றுக்கு ஆளாயினர். மண்ணை வளம்படுத்தும் ஒருவகைக் குளோவர் என்னும் பயிர் அங்கே மேய்ச்சல் நிலங்களிற் பரவலாக விதைக்கப்பட்டிருந்தது. அதனை மேய்ந்த தாயாடுகள் சினைகொள்வது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. ஈற்றின்போது பல இறந்தன. விதையடித்த ஆடுகளுக்கு மடி பருத்துப் பாலுங் கசிந்தது. பெனற்ஸ், அண்டர்வூட், ஷயர் ஆகிய மூவர் 1946ஆம் ஆண்டில் இதனை விவரித்து வெளியிட்டனர். அக்குளோவரில் ஈஸ்திரோஜனைப் போலத் தொழிற்படும் பொருள்கள் உள்ளன. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றுள் ஒன்றை மேலும் வலிமை வாய்ந்த பொருளாக மாற்றுகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது. நீண்ட காலம் மேய்ந்த ஆடுகள் சில, வேறு நிலத்துக்கு மாற்றப்பட்ட பின்னும் மலடாகவே நின்றன.

செயற்கை ஈஸ்திரோஜனின் கதை 1938ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்குகின்றது. சார்ல்ஸ் டொட்ஸ் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் ஸ்டில்பெஸ்திரோல் என்னும் பொருளை அவ்வாண்டில் வெளிப்படுத்தினர். இயற்கை ஈஸ்திரோஜனை வாயால் உட்கொண்டால் அதன் பெரும்பகுதி ஈரலில் அழிந்துவிடும். ஸ்டில்பெஸ்திரோலோ வாய்வழி கொடுத்தாலும் பயன் தரும்; செய்வதும் எளிது, விலையும் மலிவு. டொட்ஸ் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. எந்த நாட்டு மருந்துச் சாலையும் அதனைச் செய்து விற்கலாயிற்று.

அமெரிக்காவின் அயோவா அரசினர் கல்லூரியிற் கால்நடைத் தீனியை ஆராய்ந்த வைஸ் பரோஸ், இம்மருந்தை முதலில் ஆட்டுக்குட்டிகளின் தீனியிற் கலந்து சோதித்தார். குட்டிகள் விரைந்து வளர்ந்தமை கண்டு, அதனை மாடுகளுக்குங் கொடுத்தார். பெறுபேறு 1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தாற் போதும். நிறை ஏறும் வேகம் நூற்றுக்கு 10 முதல் 15 வரை மிகும். ஒவ்வொரு கிலோகிராம் இறைச்சிக்குஞ் செலவாகும் தீனியும் குறையும். உணவு மருந்து நிருவாகம் அதே ஆண்டில் மாடுகளுக்கு அனுமதி வழங்கியது. ஆட்டுக்குட்டிகளுக்குரிய அளவு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம். சில ஆண்டுகளுள் அந்நாட்டிற் கொட்டிலிற் கட்டிக் கொழுக்க வைக்கப்பட்ட மாடுகளுட் பெரும்பாலானவை இம்மருந்தைப் பெற்றன. மலிந்த விலையில் இறைச்சி கிடைத்தது. கமக்காரரும் மகிழ்ந்தனர், வாங்குவோரும் மகிழ்ந்தனர்.

இக்கட்டத்தில் ஓர் உண்மையை நிறுத்தி நோக்க வேண்டும். மருந்து ஒன்றே, அது விளைத்த பயன் எல்லா உடல்களிலும் ஒன்றாக இருக்கவில்லை. செம்மறியிலும் மாட்டிலும் அது தசையை மிகுவித்துக் கொழுப்பைக் குறைத்தது. சேவற் குஞ்சின் கழுத்தில் அதே மருந்தைச் சிறு குளிகையாகப் புதைத்தால், அக்குஞ்சு விதை நீக்கப்பட்ட சேவலைப்போல் மென்மையுற்றுக் கொழுப்பேறியது. பன்றியிலோ வளர்ச்சிக்குக் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. முன்னர்க் கூறிய ஓலையின் இயல்பு இதுவே. ஓலையில் எழுதப்பட்ட சொற்கள் மாறவில்லை. அதனைப் படிக்கும் ஊர்களே மாறின.

செம்மறி என்னும் ஒரே இனவகையினுள்ளும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. ஈஸ்திரோஜன் மருந்தினாற் பெரிதும் பயன்பெறுவது விதையடித்த குட்டி. முழுக் கடாக் குட்டிக்குப் பயன் குறைவு. தன் விதையின் ஓமோனால் அது முன்னரே விரைந்து வளர்ந்துகொண்டிருக்கின்றது. அன்றியும், மருந்து மூளைக்கும் கபச்சுரப்பிக்கும் எட்டி, விதையைத் தூண்டும் ஓமோனைத் தடுத்துவிடுவதால், விதை சுருங்கி அதன் சொந்த ஓமோனுங் குறைகின்றது. ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பது போன்றது அது. பின்லாந்துக் கடாக் குட்டியைப் போல் இளமையிலேயே விதை முதிரும் இனத்திலும், தாமதித்து முதிரும் இனத்திலும், ஒரே வயதிற் கொடுக்கப்படும் மருந்து வேறுவேறு பருவத்திலுள்ள சுரப்பிகளையே சந்திக்கின்றது.

கொழுப்பேறும் பருவமும் இவ்வாறே. விரைவில் முதிரும் சிற்றினக் குட்டி நான்காம் மாதத்திலே கொழுப்புப் படியில் ஏறத் தொடங்கியிருக்கும். அப்பொழுது கொடுக்கப்படும் மருந்து, கொழுப்பைப் பிற்படுத்தி, அதனைச் சிறிது பெரிய இனத்தின் குட்டிபோல் ஆக்குகின்றது. பேரினக் குட்டியோ அவ்வயதில் இன்னும் எலும்பும் தசையும் வளர்க்கும் படியிலேயே நிற்கும். சந்தைக்கு வேண்டிய கொழுப்பு இன்னும் ஏறாத அக்குட்டிக்கு மருந்து கொடுத்தால், நிறை கூடினும் உரிய பதம் வாராமற் போகலாம். அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. குட்டி ஒன்றுக்கு 12 மில்லிகிராம் என்று வகுக்கப்பட்ட மருந்து, 25 கிலோகிராம் குட்டிக்கு ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறக்குறைய அரை மில்லிகிராமாகின்றது. 40 கிலோகிராம் குட்டிக்கு அது 0.3 மில்லிகிராமே. தலைக்கு இவ்வளவு என்று வகுக்கப்படும் அளவு, எல்லாத் தலைகளுக்கும் சமமான அளவன்று.

தீமைகளும் வெளிப்பட்டன. ஸ்டில்பெஸ்திரோல் பெற்ற குட்டிகள் சிலவற்றில் மலக்குடல் வெளியே தள்ளியது. விதையடித்த குட்டிகளின் முலைக்காம்புகள் நீண்டன. சிறுநீர்க் குழாயை அடுத்துள்ள சுரப்பிகள் பருத்துச் சிறுநீர் அடைபட்டது. மேற்கு அவுஸ்திரேலிய ஆடுகளிற் குளோவர் விளைத்த துன்பங்களை இவை பெரிதும் ஒத்திருந்தன. இந்நிலையில் மாற்று மருந்து ஒன்றும் தோன்றியது. பூஞ்சணம் பிடித்த சோளத்தைத் தின்ற பன்றிகளின் பெண்குறி வீங்குவதைக் கண்டு ஆராய்ந்த பேர்டியு சர்வகலாசாலையினர், அப்பூஞ்சணத்திலிருந்து ஈஸ்திரோஜனைப் போன்ற பொருள் ஒன்றைப் பிரித்து 1962ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதிலிருந்து செய்யப்பட்டதே செரனோல் என்னும் மருந்து. ஆட்டுக்குட்டியின் காதுத் தோலின் கீழ்ப் புதைக்கப்படும் அதன் அளவே மேற்கூறிய 12 மில்லிகிராம். இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொள்ளும் குட்டிகளுக்கு அதனைக் கொடுத்தலாகாது என்பது விதி. இறைச்சிக்குச் செல்லும் குட்டியிற் பயன் தருவது, தாயாகப் போகும் குட்டியிற் கேடு தருவதாகும்.

இதுகாறும் கூறியவை ஆட்டின் உடல் பற்றியவை. ஆயின், ஆட்டின் உடல் மனிதனுடைய உணவுமாகும். மருந்து பெற்ற கோழிகளின் தோலிலும் ஈரலிலும் கொழுப்பிலும் ஸ்டில்பெஸ்திரோல் எஞ்சி நிற்பது கண்டறியப்பட்டது. அக்கோழிகளின் தலைகளும் கழுத்துக்களும், உரோமத்துக்காக வளர்க்கப்படும் மிங்க் என்னும் சிறு விலங்கிற்கு உணவாகக் கொடுக்கப்பட்டபோது, மிங்குகள் குட்டி ஈனாது போயின. 1959ஆம் ஆண்டிற் கோழிகளுக்கு அம்மருந்து நிறுத்தப்பட்டது. முந்திய ஆண்டிலேயே, விலங்கிற்கோ மனிதனுக்கோ புற்றுநோய் விளைக்கும் எப்பொருளையும் உணவிற் சேர்க்கலாகாது என்னும் விதி அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. எனினும் 1962ஆம் ஆண்டில் அச்சட்டம் தளர்த்தப்பட்டது. இறைச்சியில் மருந்து எஞ்சுவது அங்கீகரிக்கப்பட்ட சோதனை முறையாற் காணப்படாவிடின், கால்நடைகளுக்கு அதனைக் கொடுக்கலாம் என்று விலக்கு அளிக்கப்பட்டது. சோதனை முறை திருந்தத் திருந்த, முன்னர்க் காணப்படாதது பின்னர்க் காணப்படலாயிற்று.

இதற்கிடையில் வைத்தியத் துறையில் ஒரு துயரம் முதிர்ந்துகொண்டிருந்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்னும் நம்பிக்கையால், 1940கள் தொடக்கம் அமெரிக்காவிற் கர்ப்பிணிகளுக்கு ஸ்டில்பெஸ்திரோல் கொடுக்கப்பட்டு வந்தது. சிக்காகோ சர்வகலாசாலையில் நடைபெற்று 1953ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, அம்மருந்து கருச்சிதைவைத் தடுக்கவில்லை என்று காட்டியது. ஆயினும் வழக்கம் நிற்கவில்லை. 1971ஆம் ஆண்டிற் பொஸ்டன் நகர வைத்தியராகிய ஆர்தர் ஹேர்ப்ஸ்டும் அவருடைய துணைவர் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளம் பெண்களிற் பெரும்பாலும் காணப்படாத யோனிப் புற்றுநோயால் வருந்திய எண்மரை அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வெண்மருள் எழுவருடைய தாய்மார் கர்ப்பகாலத்தில் ஸ்டில்பெஸ்திரோல் உட்கொண்டவர்கள். மருந்தை உண்ட தாய்க்கு அன்று எத்தீங்கும் புலப்படவில்லை. வயிற்றில் வளர்ந்த மகளுக்கு, பதினைந்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின் அது வெளிப்பட்டது. கருவில் அம்மருந்துக்கு ஆளான பெண்களுள் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அப்புற்றுநோய் நேர்ந்தது என்று கணிக்கப்பட்டது. மகப்பேறு கிட்டாமலும் நிலைக்காமலும் வருந்தியவர்கள் இன்னும் பலர். கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தைக் கொடுக்கலாகாது என்று உணவு மருந்து நிருவாகம் அவ்வாண்டிலேயே எச்சரித்தது.

தாயைத் தாக்காத மருந்து மகளை ஏன் தாக்கியது? இதற்கும் செம்மறி ஆராய்ச்சி விளக்கந் தருகின்றது. செம்மறியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 150 நாட்கள். கர்ப்பத்தின் 30ஆம் நாளுக்கும் 80ஆம் நாளுக்கும் இடையிற் சினையாட்டுக்குத் தெஸ்தொஸ்தெரோன் கொடுத்தால், வயிற்றிலுள்ள பெண்குட்டி ஆணுறுப்புடன் பிறக்கும் என்பது 1970களின் ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. அம்மருந்தையே 90ஆம் நாளுக்குப் பின் கொடுத்தால் புறவுறுப்புக்களில் அம்மாற்றம் தோன்றுவதில்லை. உறுப்புக்கள் உருவாகுங் காலத்தில் ஓமோன் தற்காலிகமான கட்டளையாக நில்லாது, அவ்வுறுப்பின் அமைப்பையே வகுத்துவிடுகின்றது. முதிர்ந்த உடலில் மருந்து நின்றதும் விளைவு பெரும்பாலும் நீங்கும். உருவாகும் உடலில் மருந்து நீங்கிய பின்னரும் விளைவு நிலைத்து நிற்கும்.

அமெரிக்க அரசு 1972ஆம் ஆண்டிற் கால்நடைத் தீனியிலும், 1973ஆம் ஆண்டிற் புதைக்கும் குளிகையிலும் ஸ்டில்பெஸ்திரோலைத் தடைசெய்தது. மருந்துச் சாலைகள் வழக்குத் தொடுத்தன. உரிய விசாரணை நடைபெறவில்லை என்று நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில் அத்தடையை நீக்கியது. இறுதியான தடை 1979ஆம் ஆண்டிலேயே வந்தது. மகளிர் பற்றிய செய்தி வெளியாகி எட்டு ஆண்டுகள் அதற்குட் கழிந்துவிட்டன. மறு ஆண்டில் இத்தாலியில், கன்றிறைச்சி சேர்த்துச் செய்த குழந்தை உணவில் இதே மருந்து காணப்பட்டதும் ஐரோப்பிய மக்கள் கொதித்தெழுந்தனர். ஐரோப்பியச் சமூகம் 1981ஆம் ஆண்டில் இவ்வகை மருந்துகளையும், 1980களின் இறுதியில் வளர்ச்சிக்காகக் கொடுக்கப்படும் ஓமோன்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது.

செரனோல் முதலிய பிற மருந்துகள் பற்றி நாடுகளிடையே இன்றும் கருத்து ஒற்றுமை இல்லை. அமெரிக்காவில் ஆட்டுக்குட்டிக்குச் செரனோல் அனுமதிக்கப்பட்டுள்ளது, ஐரோப்பாவில் விலக்கப்பட்டுள்ளது. அனைத்துலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு 1995ஆம் ஆண்டில் இத்தகைய மருந்துகளுக்கு எல்லையளவை ஏற்றுக்கொண்டபோது, ஆதரவாக 33 வாக்குகளும் எதிராக 29 வாக்குகளும் பதிவாயின. மாட்டிறைச்சியின் தசையில் ஒரு கிலோகிராமுக்குச் செரனோல் 2 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அங்கே வகுக்கப்பட்ட எல்லை. எல்லைக்குட்பட்ட அளவு தீங்கற்றது என்பர் ஒரு சாரார். வளரும் குழந்தைக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் எல்லையை எவ்வாறு வகுத்தீர்கள் என்று வினவுவர் மற்றொரு சாரார். வாக்குகளின் எண்ணிக்கை வணிகத்தை நடத்த உதவலாம். அவ்வினாவுக்கு விடை ஆராய்ச்சியால் மட்டுமே கிடைக்கும்.

இம்மருந்தின் வரலாற்றில் ஏமாற்று என்று கூறத்தக்கது தொடக்கத்தில் இல்லை. டொட்ஸ் பொதுநலம் கருதியே உழைத்தார். பரோஸ் தம் தராசு காட்டிய உண்மையையே வெளியிட்டார். பிழை வேறிடத்தில் நேர்ந்தது. கொட்டிலில் நின்ற விதையடித்த குட்டியின் நிறை ஏறியதைக் கண்டு, மருந்தின் இயல்பு முழுவதும் தெரிந்துவிட்டதாக உலகம் கருதிவிட்டது. அக்குட்டியின் அருகே நின்ற கடாக் குட்டியும், அடுத்த பட்டியிலிருந்த வேற்றினக் குட்டியும், தாயின் வயிற்றிலிருந்த குட்டியும் வெவ்வேறு விடைகளைத் தரக்கூடியவை என்பது பின்னரே உணரப்பட்டது. ஆகையால் ஓர் ஓமோன் மருந்து நல்லதா, தீயதா என்று பொதுப்பட வினவுவதாற் பயனில்லை. எந்த உடலுக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு என்று தனித்தனியே வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவும்போது, எல்லாரினும் இளையதும் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதுமாகிய உடலுக்கு அது என்ன செய்யும் என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். பொஸ்டன் நகரத்து மகளிர் விடயத்தில் அவ்வினா கடைசியாகவே எழுப்பப்பட்டது.